நீல மூடி

புருசன் கந்தப்பன் செத்து ஒன்பது மாதம் கழித்துத்தான் விஜயலெட்சுமிக்கு அந்த விஷயம் தெரிய வந்தது. சொன்னவன் றில்வான்.

பங்குனி மாதத்து மத்தியானம். லுணுகலையிலிருந்து பிபிலைக்கு இறங்குகிற ரோட்டுக்குக் கீழே, தோட்டத்தின் கடைசி டிவிசனில் ஒரே கூரையின் கீழ் வீடுகள் ஒட்டி நிற்கும் பத்துக் காம்பரா லயம் ஒன்று இருக்கிறது. அதன் முதல் காம்பராதான் விஜயலெட்சுமியுடையது. மோட்டார் சைக்கிளை ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டு றில்வான் இறங்கி வந்தபோது அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"என்னா தம்பி, இந்த வெயில்ல?"

"மிஸ் அனுப்பினாங்க அக்கா. இந்தச் சிறுபோகமும் ஒங்கட நெலத்திலயும் பெரியாயி அக்காட நெலத்திலயும் சோளம் போட ஏலுமாண்டு கேட்டு வரச் சொன்னாங்க."

விஜயலெட்சுமி கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள்.

"பெரியாயி அண்ணி நெலத்துல போடுங்க. எங்க நெலம் வெளங்காத நெலம். போன வருசந்தான் பாத்தீங்களே. ஒரே மலை, ஒரே வெத, ஒரே மருந்து. அவங்களுது பச்சப் பசேல்னு நின்னுச்சு. எங்களுது கருகிப் போச்சு."

உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் வைத்துக் கடித்துக்கொள்ளச் சீனியும் கொடுத்தாள். றில்வான் டீயைக் குடிக்காமல் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும் அவனுக்கு. ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். மிஸ்ஸின் சோள ஆராய்ச்சித் திட்டத்தில் மண்ணெடுக்கிறது, செடி அளக்கிறது, மருந்து கொண்டுவந்து கொடுக்கிறது எல்லாம் அவன் வேலை.

"அக்கா, ஒங்கட மண்ணுல ஒரு கொறையும் இல்ல."

"பின்ன?"

"ஒங்கட கேன்ல மருந்தே இருக்கல்ல."

அவளுக்கு விளங்கவில்லை. அவன் திரும்பவும் சொன்னான். சிவப்பு மூடிக் கேன் பெரியாயிக்கு, நீல மூடிக் கேன் கந்தப்பனுக்கு. சிவப்பில்தான் மருந்து. நீலத்தில் வெறும் தண்ணி. இலையில் ஒட்டுவதற்காக ரெண்டிலும் கொஞ்சம் சோப்புத் தண்ணி மாதிரி ஒன்று கலந்திருக்கும். அதனால் பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான்.

"மருந்து போட்டதுக்கும் போடாததுக்கும் என்ன வித்தியாசமெண்டு பாக்கணுமாம். அதுக்கு ஒரு நெலம் சும்மா இருக்கணுமாம். அந்தச் சும்மா நெலம் ஒங்கட. ஒங்களுக்குச் செல்ல வாணாமெண்டு மிஸ் செல்லியிருந்தாங்க. செல்லிட்டா நீங்க வேற ஏதாவது போட்டுருவீங்களாம்."

"அப்ப அண்ணி மண்ணுல மட்டும் கொத்துன கரி?"

"கரியும் அப்பிடித்தான். ஒங்கட மண்ணுக்குக் கரி தேவையில்லண்டு சொன்னது சும்மா." றில்வான் கிளாசைக் கீழே வைத்தான். "கந்தப்பன் அண்ணன் மவுத்தான நாள்லருந்து எனக்கு நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி ஈக்கிது அக்கா."

விஜயலெட்சுமி கிளாசை எடுத்து ஆறிய டீயை வாசலில் கொட்டினாள். "மிஸ்கிட்ட சரின்னு சொல்லுங்க," என்றாள். "போட்டுக்கலாம். இந்த வருசமும் போட்டுக்கலாம்."

*

அந்தக் காட்டு நிலம் முன்பு தேயிலை மலையாக இருந்தது. மலையைக் கம்பெனி கைவிட்டு இருபது வருடமாகிறது. அதை லயத்து ஆட்களுக்குப் பயிர் வைக்கக் கொடுத்தார்கள். மேல் துண்டு கந்தப்பனுக்கு, பக்கத்துத் துண்டு அவனுடைய அக்கா பெரியாயிக்கு. அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் தேயிலை வேரைத் தோண்டி எடுத்தார்கள். நடுவில் வரப்புகூடப் போடவில்லை, ஒரு வரிசை மாணாப் புல்தான்.

பெரும்போகத்தில் அங்கே சோளம் நன்றாக வரும். சிறுபோகத்தில் யாரும் துணிய மாட்டார்கள். வைகாசியில் கச்சான் காற்று இறங்கிவிடும். ஈரத்தையெல்லாம் மேற்கு மலையிலேயே கொட்டிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிற காற்று அது. கொடியில் போட்ட சேலை காய்வதற்குள் இழை பிரிந்துவிடும்.

அப்படிப்பட்ட போகத்தில் சோளம் நிற்குமென்று போன வருடம் சொல்லிக்கொண்டு வந்தவள்தான் சத்தியபாமா மிஸ். யாழ்ப்பாணத்துக்காரி. பதுளையில் இருந்த ஒரு திட்டக் காரியாலயத்தில் ஆராய்ச்சி அதிகாரி. நாற்பது வயதுக்குள்தான் இருப்பாள். லயத்து வாசலில் கூச்சமில்லாமல் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்பாள். உறைப்பு ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு ரொட்டி கேட்பாள். எல்லாருக்கும் அவளைப் பிடித்துப் போனது. விஜயலெட்சுமிக்கும்தான்.

"செடிக்குத் தண்ணி குறையேக்க அது தன்ர உடம்பிலயே ஒண்டு சுரக்கும் அம்மா. ஓமோன் எண்டு சொல்லுறது," என்று மிஸ் அப்போது விளக்கினாள். "இலையில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வாயள் இருக்கு. அதுகளால தண்ணி ஆவியாப் போகும். அந்த ஓமோன் வந்து வாயை மூடு எண்டு சொல்லும். நாங்கள் அதை முன்னுக்கே தெளிச்சு விட்டால், வறட்சி வரேக்க செடி ஆயத்தமா நிக்கும். மண்ணுக்குள்ள கரி போட்டால், அது பஞ்சு மாதிரித் தண்ணியப் பிடிச்சு வைக்கும்."

தேயிலை ஆலை அடுப்புக் கரி சாக்குச் சாக்காக வந்தது. அதைப் பொடித்துச் சாணியோடு ஊறவைத்துப் பெரியாயி நிலத்தில் கொத்திவிட்டார்கள். கந்தப்பன், "எங்க நெலத்துக்கு?" என்று கேட்டான்.

"உங்கட மண் நல்ல மண் அண்ணை. உங்களுக்குத் தெளிக்கிறது மட்டும் போதும்."

கந்தப்பனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

ஆனி பிறந்தபோது அவன் சிரிப்பு போய்விட்டது. அவன் சோளம் இலை சுருண்டு வெற்றிலைச் சுருள் மாதிரி நின்றது. பக்கத்தில் பெரியாயியின் சோளம் இடுப்புக்கு மேல்.

"என்னாக்கா போட்ட?" என்று கேட்டான்.

"மிஸ் குடுத்ததுதான்டா. வேற என்னா போட?"

"எனக்குந்தானே குடுத்தாங்க? அதான் கேக்குறேன். வேற என்னா போட்ட?"

பெரியாயி சாமி சத்தியம் செய்தாள். அவன் நம்பவில்லை. அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்தினான். பிறகு பழி அவன் மேலேயே திரும்பியது. சரியாகத் தெளிக்கவில்லை, நேரம் பிந்தித் தெளித்துவிட்டேன், என் கைதான் சரியில்லை என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து புலம்புவான். கடைசியில் பீலித் தண்ணியைச் சுமக்கத் தொடங்கினான்.

ஊற்றுத் தண்ணி விழுகிற பீலி கீழே பள்ளத்தில் இருந்தது. அங்கிருந்து நிலம்வரை செங்குத்தான ஏற்றம். நெஞ்சு வருத்தத்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கார்டு போட்டிருந்தவன், பாரம் தூக்கக் கூடாதென்று டொக்டர் சொல்லியிருந்தவன், தோளில் கம்பு வைத்து ரெண்டு பக்கமும் வாளி கட்டி ஏறினான். மிஸ் ஒருநாள் ஈர மண்ணைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்தக் கூடாது அண்ணை. ஊத்தினால் மருந்து வேலை செய்யாது," என்றாள். அதற்குப் பிறகு அவன் விடிவதற்கு முன்னாலேயே சுமந்தான். யாரும் பார்க்கக் கூடாதென்று.

விஜயலெட்சுமி தடுத்துப் பார்த்தாள். "செத்தா போயிரும் இந்தச் சோளம்? போகட்டுமே!"

"ஒனக்குத் தெரியாது," என்றான். "அவ சோளம் நிக்கிது. எஞ்சோளம் மட்டும் ஏன் சாவுது? எங்கையில ஏதோ கொற இருக்கு."

ஆனி இருபத்தாறாம் திகதி காலை ஏற்றத்தின் பாதியில் குப்புறக் கிடந்தான். ஒரு வாளி கீழே பள்ளம்வரை உருண்டு போயிருந்தது. பெரியாயி ஓடிவந்து, "எங்கிட்ட பேசாமப் போயிட்டியேடா," என்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள். மிஸ் மலர்வளையம் கொண்டுவந்தாள். விஜயலெட்சுமியைக் கட்டிப்பிடித்து அழுதாள். றில்வான் போனபின் அந்த அழுகை அவளுக்கு ஞாபகம் வந்தது. மிஸ்ஸின் கண்ணீர் தன் கழுத்தில் பட்டதும் ஞாபகம் வந்தது. விறகுக் கட்டையில் கொத்தி நின்ற கோடரியை இழுத்து எடுத்து, பிளக்கத் தேவையில்லாத சிறு விறகையெல்லாம் பொழுது இறங்கும்வரை பிளந்துகொண்டிருந்தாள்.

*

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். காட்டோரத்தில் இடுப்பளவு குழி வெட்டினாள். பழைய தேயிலை வேர், கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி, கிளிசரியாக் கொம்பு எல்லாம் அடுக்கித் தீ வைத்தாள். நன்றாகப் பிடித்ததும் மேலே பச்சை இலையும் மண்ணும் போட்டு மூடினாள். போன வருடம் மிஸ் பெரியாயிக்கு என்னென்ன சொன்னாளோ அதெல்லாம் இவள் காதிலும் விழுந்ததுதான். புகை ரெண்டு நாள் நின்றது.

"என்னா லெச்சுமி பண்ணுற?" என்று பெரியாயி கேட்டாள்.

"கரி அண்ணி. மழைக் காலத்துக்கு அடுப்புக்கு ஆகும்."

கரியை உலக்கையால் இடித்தாள். முகம், பல், எச்சில் எல்லாம் கறுத்தது. லயத்து மாட்டுத் தொழுவத்திலிருந்து சாணியும் மூத்திரமும் அள்ளிக்கொண்டு வந்து ஊறவைத்தாள். மூன்று கிழமை ஊறியது. பிறகு விதை போடுகிற ஒவ்வொரு குழிக்கும் ரெண்டு கை அள்ளிப் போட்டு, மேலே செம்மண்ணைத் தள்ளி மூடினாள். பார்த்தால் தெரியாது. முதுகு நிமிர மறுத்தது. ஒவ்வொரு குழிக்கும் அந்த மிஸ்ஸின் முகத்தை நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க முதுகு வலி மறந்தது.

புதுவருசம் முடிந்து பெய்த மழைக்கு விதை விழுந்தது. மிஸ் வந்தாள். விஜயலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் திரும்பவும் ஓமெண்டு சொன்னது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் தெரியுமே அம்மா? ரெண்டு வருச முடிவு கேக்கினம். இதுவும் நல்லா வந்தால் இந்தப் பக்கத்தில நாப்பது குடும்பத்துக்குக் கரியும் மருந்தும் குடுக்கப் போயினம். பேரெல்லாம் எழுதியாச்சு."

"நல்லா வரும் மிஸ்," என்றாள் விஜயலெட்சுமி. "இந்த வருசம் நல்லா வரும். சாப்பிட்டுப் போங்க."

மிஸ் சாப்பிட்டாள். விஜயலெட்சுமி பக்கத்தில் நின்று பரிமாறினாள்.

தெளிக்கிற நாளுக்கு முதல் நாள் றில்வான் ரெண்டு கேனையும் கொண்டுவந்து வைப்பான். ரோட்டுக்குக் கிட்ட இருக்கிற காம்பரா என்பதால் வைப்பது விஜயலெட்சுமியின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில்தான். போன வருடமும் அப்படித்தான். முதல் தடவை அவன் வைத்துவிட்டுப் போனதும் கதவைச் சாத்தினாள். சிவப்பு மூடியையும் நீல மூடியையும் திறந்து வைத்துப் பார்த்தாள். நீலத்தை மூக்கருகில் கொண்டுபோனாள். சோப்பு வாசம். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். பீலித் தண்ணிதான்.

இதைத்தான் கந்தப்பன் ஒரு துளி வீணாக்காமல், பால் மாதிரிப் பத்திரமாக இலை இலையாகத் தெளித்தான்.

மூடியை மாற்றிப் போட்டால் போதும் என்று நினைத்தாள். தண்ணி பெரியாயிக்கு, மருந்து தனக்கு. அங்கே கருகட்டும், இங்கே நிற்கட்டும். எல்லாம் தலைகீழாகட்டும். மூடியைக் கையில் எடுத்துவிட்டாள். ஆனால் பெரியாயி என்ன செய்தாள்? தம்பிக்காரன் பேசாமல் செத்த துக்கத்தில் பாதியாக இளைத்துப் போயிருக்கிறாள். அவளுக்கு வந்த இழவும் இந்தக் கேனால் வந்ததுதான்.

பெரிய சட்டியை இறக்கி ரெண்டு கேனையும் அதில் கொட்டினாள். கையால் கலக்கினாள். திரும்ப ரெண்டிலும் சரிபாதியாக ஊற்றி மூடினாள். மூன்று தடவை தெளித்தார்கள். மூன்று தடவையும் அப்படியே செய்தாள்.

*

அந்த வருடக் கச்சான் பொல்லாத கச்சான். டிவிசனில் மானாவாரியாகப் போட்டதெல்லாம் காய்ந்தது. குரக்கன்கூட முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. பீலி நூல் மாதிரி ஒழுகியது. குடிதண்ணிக்குப் பெண்கள் வரிசையில் நின்று சண்டை போட்டார்கள். அந்த வறட்சியில் மேல் மலையில் ரெண்டு துண்டு மட்டும் பச்சையாக நின்றது. விஜயலெட்சுமியின் துண்டும் பெரியாயியின் துண்டும். அளவெடுக்க வந்த றில்வான் செடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அளவை மட்டும் சரியாக எழுதிக்கொண்டு போனான்.

ஆடியில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாலு ஜீப். மலைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். லயத்து ஆட்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். நாற்பது பேர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் முன்வரிசையில். வந்தவர்களில் பெரியவர் டொக்டர் மதுசூதனன். நரைத்த மீசைக்காரர், அதிகம் பேசாதவர். ரெண்டு துண்டுக்குள்ளும் தனியாக நடந்துவிட்டு வந்தார். ஒரு கதிரை உரித்துப் பார்த்தார். மற்றத் துண்டில் ஒரு கதிரை உரித்துப் பார்த்தார்.

"எது சிகிச்சை செய்த நிலம்?"

மிஸ் காட்டினாள்.

"அப்ப இது?"

"அது... ஒப்பீட்டுக்கு விட்டது சேர்."

"வித்தியாசத்த எனக்குக் காட்டுங்கோ."

மிஸ் காகிதங்களைப் புரட்டினாள். அவர் காத்திருந்தார். காற்றில் ஒரு காகிதம் பறந்து சோளத்துக்குள் போனது. யாரும் எடுக்கப் போகவில்லை. "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாறன் சேர்," என்று சொல்லிவிட்டு மிஸ் லயத்துக்கு வந்தாள். நேராக விஜயலெட்சுமியின் குசினிக்கு. போகிறதைப் பார்த்துவிட்டு விஜயலெட்சுமி பின்னாலேயே வந்தாள்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்ல அம்மா," என்றாள் மிஸ். உதடு காய்ந்து போயிருந்தது. "போன வருசம் இப்பிடி இல்ல. அந்தப் பாத்தியில எப்பிடி..."

"நான்தான் செஞ்சேன் மிஸ்."

மிஸ் செம்பைக் கையில் வைத்தபடியே பார்த்தாள்.

"செவப்பு மூடியையும் நீல மூடியையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்குனேன். இந்தச் சட்டியிலதான். மூணு வாட்டி. வெதைக்கு அடியில கரி போட்டேன். நானே சுட்ட கரி."

"ஏன்? ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"எங்க வீட்டுக்காரருக்கு நீங்க வெறுந் தண்ணி குடுத்தீங்க. மருந்துன்னு சொல்லிக் குடுத்தீங்க."

மிஸ் மெல்லச் சுவரில் சாய்ந்தாள். "ஆராய்ச்சியில அப்பிடித்தான் அம்மா செய்யிறது. ஒரு பாத்தி அப்பிடி விடத்தான் வேணும். அவர் கையெழுத்து வைச்ச படிவத்திலயும் இருந்தது. ஒப்பீட்டுப் பாத்தி எண்டு..."

"அதுக்கு என்னா அர்த்தம்னு அவருக்குச் சொன்னீங்களா?"

மிஸ் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏங்கையில கொற, ஏங்கையில கொறன்னே சொல்லிச் செத்தாரு மிஸ். அக்காவோட பேசாமச் செத்தாரு. ஒரு வார்த்த. ஒங்களுது சும்மா விட்ட நெலம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தூ இவ்வளவுதானான்னு தூங்கியிருப்பாரு."

"அவருக்கு நெஞ்சு வருத்தம் எண்டு எனக்குத் தெரியாது."

"தண்ணி சொமக்குறாருன்னு தெரியுமில்ல?"

"...தெரியும்."

"இப்ப போங்க. அங்க ஒக்காந்திருக்காங்களே, அவங்ககிட்டச் சொல்லுங்க. மருந்து நல்ல மருந்துதான், இவதான் கலந்துட்டா, என்னாத்துக்காகக் கலந்தான்னா இதுக்காகத்தான்னு சொல்லுங்க. சொன்னா ஒங்க மருந்து பொழைக்கும். சொல்லலேன்னா நீங்க பொழைப்பீங்க. எது வேணும்னு பாத்துக்குங்க."

மிஸ் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே ஏறினாள். விஜயலெட்சுமி சனத்தோடு சனமாக நின்று கேட்டாள். மிஸ்ஸின் குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"இந்தப் பக்கத்தில வைகாசியில கணக்கில வராத ஒரு மழை பெய்திருக்கலாம் சேர். அதால வித்தியாசம் தெரியாமப் போயிருக்கும்."

வைகாசியில் ஒரு துளி மழை பெய்யவில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். டொக்டர் மதுசூதனன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாப்பாட்டுக்கு நிற்காமல் ஜீப்புகள் போய்விட்டன. சமைத்து வைத்த சோற்றை லயத்து ஆட்கள் பிரித்துக்கொண்டார்கள். விஜயலெட்சுமி வயிறு நிறையச் சாப்பிட்டாள். செத்த வீட்டுக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டது அன்றுதான்.

*

ஜீப்புகள் போன மூன்றாம் கிழமை றில்வான் வந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை.

"திட்டத்த நிப்பாட்டிட்டாங்க அக்கா. மருந்துக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் இல்லையாம். நாப்பது குடும்பமும் இல்ல, ஒண்டும் இல்ல. மிஸ்ஸ வேற எடத்துக்கு மாத்துறாங்க. எனக்கும் இந்த மாசத்தோட சரி."

"ஒங்களுக்குமா?"

"திட்டம் இல்லாட்டி எனக்கென்ன வேல?" அவன் கோபப்படவில்லை, அதுதான் அவளைச் சுட்டது. "நான்தானே ஒங்களுக்குச் சொன்னது. அப்ப என்ட தலையிலதான் விழணும். ஆனா அந்த மருந்து நல்ல மருந்து அக்கா. ரெண்டு வருசமா என்ட கையால அளந்து பாத்தவன் நான். இப்ப அது பொய்யெண்டு எழுதிட்டாங்க."

அவன் போனபின் விஜயலெட்சுமிக்கு அடுப்படியில் இருப்புக் கொள்ளவில்லை. சோளம் உரித்துக்கொண்டிருந்த பெரியாயியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கேனிலிருந்து கடைசிவரை. பெரியாயி உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கதிர், இன்னொரு கதிர். தோகை மட்டும் வரவர வேகமாகக் கிழிந்தது.

"அப்ப எந்தம்பி நான் எதையோ ஒளிச்சு வச்சேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டான்."

"ஆமா அண்ணி."

"இதத் தெரிஞ்சுக்கிட்டு அஞ்சு மாசமா எங்கிட்ட சொல்லாம இருந்திருக்க."

"சொன்னா நீங்க அன்னைக்கே மிஸ்ஸ அடிக்கப் போயிருப்பீங்க."

"போயிருப்பேன்தான்." பெரியாயி கதிரை வீசிவிட்டு எழுந்தாள். "நீ என்னா செஞ்ச? கொழும்புக்காரன் முன்னால அவ மொகத்தச் சுருங்க வச்ச. அவ்வளவுதான? இன்னொரு ஊருல போயி இன்னொருத்தனுக்கு நீல மூடியக் குடுப்பா. நம்ம நாப்பது வீடு வெறுங்கையோட நிக்கிது. இதுக்குப் பேரு பழியாடி? பத்தாது. எனக்குப் பத்தாது. எந்தம்பி கையில கொறையில்லன்னு அவ கையால எழுதித் தரணும்."

"எழுதுவாளா?"

"கேட்டுப் பாப்போம். சேலைய மாத்து."

*

லுணுகலைக்கு நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. முன்வாசலில் இருந்த கிளார்க் யாரைப் பார்க்க வேண்டுமென்று கேட்டான். பெரியாயி அவனைப் பார்க்காமலே உள்ளே நடந்தாள்.

மிஸ் அறையில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. மேசையில் ஒன்றுமில்லை. இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இருங்கோ அம்மா."

"இருக்க வரல," என்றாள் விஜயலெட்சுமி. "ஒரு கடுதாசி எழுதணும் மிஸ். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க. மூடியக் கலந்தது நான்னு எழுதுங்க. மருந்து நல்ல மருந்துன்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன். டொக்டர் ஐயாவுக்கு அனுப்புங்க."

மிஸ்ஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அதை அனுப்பினால் திட்டத்தைத் திரும்பத் தொடங்க இடமிருக்கு அம்மா. மண்ணை எடுத்துச் சோதிச்சால் கரி தெரியும். நிரூபிக்கலாம்." பிறகு அந்த வெளிச்சம் போனது. "ஏன் கலந்தனீங்கள் எண்டு கேப்பினம்."

"அதையும் எழுதுங்க, ஒங்க பேர்லயே. அவரு கையில கொறையில்லன்னும் எழுதுங்க."

"அதை எழுதினால் நான் இருக்கமாட்டன். என்னைச் சும்மா விடமாட்டினம்."

"நீங்க இருக்க வேணாம்," என்றாள் விஜயலெட்சுமி. "மருந்து இருந்தாப் போதும். றில்வான் தம்பி வேலையில இருந்தாப் போதும்."

பெரியாயி கதவை மறித்துக்கொண்டு நின்றாள். மிஸ் அவளைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். கட்டிய பெட்டி ஒன்றைப் பிரித்துத் தாள் எடுத்தாள். எழுதத் தொடங்கினாள். விஜயலெட்சுமி சொல்லச் சொல்ல எழுதினாள். ரெண்டு இடத்தில் பேனை நின்றது, பிறகு ஓடியது.

"முழுப் பேர்?"

"ராமையா கந்தப்பன்."

"அவர் இறந்த திகதி?"

விஜயலெட்சுமி சொன்னாள். மிஸ் எழுதி முடித்து, கீழே தன் கையெழுத்தையும் வைத்துத் தாளை நீட்டினாள். "உங்கட கையெழுத்தை இதில வையுங்கோ."

விஜயலெட்சுமி எட்டாம் வகுப்புவரை படித்தவள். வாசிக்க நேரம் பிடித்தது. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, பெரியாயிக்கும் கேட்கும்படி வாசித்தாள். பாதியில் விரல் நின்றது.

"'விளைவு இவ்வாறு அமையும் என்று தெரியாமல், மருந்து எனக் கூறி வெறும் நீரை வழங்கினேன்.' இந்தத் தெரியாமல் எதுக்கு மிஸ்?"

"அவர் செத்துப் போவார் எண்டு எனக்குத் தெரியாதுதானே அம்மா."

"சோளம் காயும்னு தெரியும். அதுக்குத்தானே விட்டீங்க. சோளம் காஞ்சா நாங்க கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்க மாட்டோம்னும் தெரியும். அவரு சொமந்தத ஒங்க கண்ணால பாத்தீங்க. அத வெட்டுங்க."

"அம்மா..."

"வெட்டுங்க."

மிஸ் தாளை வாங்கினாள். கண்ணீர் விழாமல் இருக்கத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். 'விளைவு' என்பதிலிருந்து 'தெரியாமல்' வரைக்கும் ஒரே கோடாக இழுத்து வெட்டினாள். வெட்டிய இடத்தில் காரியாலய வழக்கப்படி தன் சிறு கையொப்பத்தையும் வைத்தாள்.

விஜயலெட்சுமி திரும்பவும் முதலிலிருந்து வாசித்தாள். பிறகு பேனையை வாங்கிக்கொண்டாள்.